எங்கள் காலுக்கு அளவெடுங்கள்!

மழைக்காலம் நெருங்கும்போது இந்த மாநகரின் பல வேலைத்தலங்களில் ஒரு சடங்கு நடக்கிறது. அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கும். முகாதம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் நீட்டப்படும். ஏழா, எட்டா என்று யாரும் கேட்பதில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு, ரிஜிஸ்தரில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு நகர வேண்டியதுதான்.

பிறகு நடப்பது நம் வீடுகளில் எல்லோரும் கண்டது. முதல் நாள் குதிகாலில் கொப்புளம். இரண்டாம் நாள் சுண்டுவிரலில் தோல் உரிகிறது. மூன்றாம் நாள் பூட்ஸ் பரணுக்குப் போகிறது. ஹவாய் செருப்பு வேலைக்குப் போகிறது. அப்புறம் ஒருநாள் காலில் ஆணி ஏறினாலோ இரும்புக் கம்பி விழுந்தாலோ, ரிஜிஸ்தரைப் புரட்டிக் காட்டி மேலாளர் சொல்லும் பதில் தயாராக இருக்கிறது: "நாங்கள் கொடுத்தோம், அவன் போடவில்லை."

இந்த ஒரு பதிலைத்தான் இந்தத் தலையங்கத்தில் எடுத்துக்கொள்கிறோம். இது பொய் என்று சொல்ல வரவில்லை. கொடுத்தது உண்மை, போடாததும் உண்மை. ஆனால் ஏன் போடவில்லை என்ற கேள்வியை இந்தப் பதில் மூடி மறைக்கிறது. எட்டு மணி நேரம் நின்று, குனிந்து, சுமந்து, நடக்கிற மனிதனால் போட்டிருக்க முடியாத ஒன்று பாதுகாப்புச் சாதனம் ஆகாது. காலுக்குப் பொருந்தாத பூட்ஸைக் கொடுத்தவர் பூட்ஸே கொடுக்கவில்லை என்றுதான் நாம் கணக்கு வைக்க வேண்டும். "காலுக்குச் சுகமாக இருக்க வேண்டும்" என்று கேட்டால், "வேலைக்கு வந்தாயா, சொகுசுக்கு வந்தாயா" என்று நையாண்டி செய்கிறார்கள். சொகுசு அல்ல ஐயா, அதுதான் பாதுகாப்பு. கடிக்காத பூட்ஸ்தான் காலில் தங்கும். காலில் தங்குகிற பூட்ஸ்தான் ஆணியைத் தடுக்கும்.

செருப்பு என்பது நம் மக்களுக்கு வெறும் தோலும் ரப்பரும் அல்ல என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன்நகை அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, சட்டை போடக்கூடாது என்று நீண்ட அந்தப் பட்டியலில், ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பதும் ஒன்று. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதியைப் பற்றி எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. பழங்கதை என்று ஒதுக்குபவர்களுக்கு இன்னொரு செய்தி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2015ல் திருத்தியபோது, பொது இடத்தில் பட்டியல் சாதியினர் காலணி அணிவதைத் தடுப்பது குற்றம் என்று தனியே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்று 68 ஆண்டுகளுக்குப் பிறகு, செருப்புப் போட ஒரு சட்டப் பிரிவு!

இந்த இழிவை உதறிவிட்டு ரயிலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் நிறைந்திருக்கிறார்கள். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்தவன், இங்கே வந்து மாட்டிக்கொண்டு நடந்தான். ஆனால் என்ன வேலைக்கு வந்தான்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து அந்நாளைய பம்பாய்க்கு வந்தவர்களில் பலர் தாராவித் தோல் ஷாப்புகளில் சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டை ஊறலிலும் தோலை மிதித்துப் புரட்டியவர்களின் பாதம் வெந்து வெடித்தது. ஊருக்கெல்லாம் பூட்ஸுக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்தவன் வெறுங்காலோடு நின்றான். பாந்திராவிலிருந்த ஆட்டுத்தொட்டி 1971ல் தேவனாருக்குப் போயிற்று. தோல் ஷாப்புகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோல் பைகளும் பெல்ட்டுகளும் செய்யும் பட்டறைகள் மட்டும் மிஞ்சின. அந்தத் தெருக்களில் இன்று எத்தனை பேர் காலில் சரியான பூட்ஸ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறவர், தகரம் வெட்டுகிறவர், அலுமினியம் உருக்குகிறவர் பக்கத்தில் போய் நின்று கீழே குனிந்து பார்த்தாலே போதும்.

குப்பைக்கு வருவோம். இந்த மாநகரின் குப்பையை ஒப்பந்த முறையில் அள்ளியவர்களில் மராட்டியத்தின் வறட்சி மாவட்டங்களிலிருந்து வந்த தலித் மக்களோடு நம்மவரும் இருந்தார்கள். ஒரே தெருவில் நிரந்தரத் தொழிலாளி ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். அள்ளுவது ஒரே குப்பை. உடைந்த டியூப்லைட், ஊசி, பிளேடு, கோழிக்கடைக் கழிவு இருவருக்கும் பொது. முன்னவருக்குக் கம்பூட் உண்டு. பின்னவருக்கு அது குத்தகைக்காரர் மனம் வைத்தால் உண்டு. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவரைத்தான் கட்டுப்படுத்தியது என்பதால், 20க்குக் கீழே ஆள் காட்டிக் குத்தகையைத் துண்டு துண்டாக்கினார்கள். தொழிலாளி என்று சொல்லாமல் 'சுயம்சேவக்' என்று பெயர் சூட்டிய வித்தையும் நடந்தது. தொண்டருக்குக் கூலி ஏது, பூட்ஸ் ஏது!

1997ல் உருவான கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கம், மிலிந்த் ரானடே தலைமையில், இதை எதிர்த்து நின்றது. அவர்கள் கேட்டவற்றில் நிரந்தர வேலை, முழுச் சம்பளம் ஆகியவற்றோடு கையுறையும் கம்பூட்டும் குடிநீரும் இருந்தன. தொழில் தீர்ப்பாயம் 2014ல் 2,700 பேரை நிரந்தரத் தொழிலாளர் என்று தீர்ப்பளித்தது. மாநகராட்சி மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2017 ஏப்ரல் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அதற்குப் பிறகும் பட்டியலில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று எழுத்துப் பிசகைக் காட்டிப் பலரை அலைக்கழித்தார்கள். தமிழ்ப் பெயரை மராட்டி குமாஸ்தா காதால் கேட்டு எழுதினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? இருபது ஆண்டுப் போராட்டம்! கையுறையும் கம்பூட்டும் கேட்டவர்கள் அதற்காக உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் கம்பூட் கைக்கு வந்ததோடு கதை முடிவதில்லை. கம்பூட் தண்ணீரை உள்ளே விடாது, வியர்வையை வெளியே விடாது. காலுறை இல்லாமல் போட்டால் கெண்டைக்காலில் விளிம்பு அறுக்கும். ஒரே ஜோடியை நாள்தோறும் ஈரத்தோடு மாட்டினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அந்தப் புண்ணோடு மறுநாள் செருப்பில் மழைத்தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த வாரங்களில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலிலுள்ள வெட்டுக்காயம், வெடிப்பு வழியாக உடம்பில் ஏறுவதால் வருவது அந்த நோய். ஆகவே கம்பூட்டோடு இரண்டு மூன்று ஜோடி பருத்திக் காலுறையும், மாற்றிப் போட இரண்டாவது ஜோடி பூட்ஸும் சேர்ந்தால்தான் அது முழுமையான வழங்கல். அரைகுறையாகக் கொடுத்துவிட்டு ரிஜிஸ்தரில் முழுக் கையெழுத்து வாங்குவதை ஏற்கக்கூடாது.

இனி அளவு விஷயம். இதுதான் மூலநோய்.

அரசு அலுவலகங்களில் இண்டென்ட் தாள் புரட்டுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. நாம் அறிந்த ஓர் அலுவலகத்திலிருந்து போன ஒரு தாளில், நாற்பது பேருக்குப் பூட்ஸ் கேட்ட இடத்தில், அளவு என்ற பத்தி காலியாக இருந்தது. கேட்டதற்கு, "எட்டும் ஒன்பதும் அனுப்புவான், மாற்றிக்கொள்வார்கள்" என்றார்கள். நாற்பது பேரில் ஆறாம் எண் கால்காரர் ஐந்து பேர் இருந்தால் அவர்கள் யாரிடம் மாற்றிக்கொள்வது? வேட்டிக்கும் துண்டுக்கும் இது பொருந்தும். பூட்ஸுக்குப் பொருந்துமா?

எண் சரியாக இருந்தாலும் பாதிப் பிரச்சினை அப்படியே நிற்கிறது. நாம் கடையில் கேட்கும் ஏழு, எட்டு என்பதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. அது பாதத்தின் நீளத்தை மட்டும் சொல்கிறது, அகலத்தைச் சொல்வதில்லை. பூட்ஸ் தைக்கப்படும் மரக்கட்டையை, பட்டறைகளில் ஃபர்மா என்பார்களே, அதை எந்தக் காலைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களைக் கருவிகொண்டு அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்த முக்கிய உண்மை. அகலம் போதாததால் நம் மக்கள் ஒரு எண் பெரியதாக வாங்குகிறார்கள். உள்ளே கால் நழுவுகிறது. நழுவாமலிருக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். ரத்த ஓட்டம் தடைபடுகிறது. 'பா' என்ற பெயரில் நமக்கென்று புதிய அளவுமுறை ஒன்றை அந்த நிலையம் பரிந்துரைத்திருக்கிறது. செருப்பே இல்லாமல் வயலிலும் வரப்பிலும் வளர்ந்த கால் விரிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி நிலையம் தேவையா என்று நம் பாட்டி கேட்பாள். தேவைதான், பாட்டி! உன் பேச்சை டெண்டர் கமிட்டி கேட்காது, அறிக்கையைக் கேட்கும்.

ஆண்களுக்கே இந்தக் கதி என்றால் பெண்களை என்ன சொல்வது? தெருக்கூட்டும் தாய்மார்கள், கட்டட வேலையில் சிமெண்ட் சுமக்கும் சகோதரிகள், மருத்துவமனைகளில் தரை துடைப்பவர்கள் காலுக்கு நான்கு, ஐந்து எண்கள் வேண்டும். அவர்களுக்கும் வருவது ஆண்களுக்கான ஏழுதான். முன்னால் துணியைத் திணித்துக்கொண்டு நடக்கிறார்கள். சேலையும் பெரிய பூட்ஸும் சேர்ந்து சாரத்தில் கால் தடுக்கினால் அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எவருக்காவது வாய் வருமா?

பிற நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் விதிகளே, பாதுகாப்புச் சாதனம் அணிபவருக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்று வேலையளிப்பவர் தலையில் பொறுப்பைக் கட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் கட்டட வேலைக்கு இதே விதி 2025 ஜனவரியில்தான் வந்தது. பெண் தொழிலாளர்கள் நெடுங்காலம் குரல் கொடுத்த பிறகே அங்கும் அது வந்தது. ஆக, அளவு கேட்பது தாராவிக்காரனின் அடம் அல்ல.

நம் நாட்டுச் சட்டம்? பழைய தொழிற்சாலைச் சட்டம் போன்றவற்றை விழுங்கிக்கொண்டு, தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தத் தொகுப்பின்மீது நமக்குப் பல சண்டைகள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் பிரிவு பொருந்துவதற்கான வரம்பை 20லிருந்து 50 ஆக உயர்த்தியது அவற்றில் தலையானது. 18 பேர் காட்டி ஏய்த்தவர் இனி 49 பேர் வரை காட்டி ஏய்க்கலாம்! இருந்தாலும் நமக்குப் பயன்படும் ஒரு வரி அதில் இருக்கிறது: பாதுகாப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் வேலைத்தலத்தில் செய்துதரப்படும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. பூட்ஸுக்கென்று சம்பளத்தில் பிடித்தம் செய்கிற குத்தகைக்காரரிடம் இந்த வரியைச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் சீட்டைக் கிழித்துப் போடாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். கட்டட வேலையில் இருப்பவர்கள், ஆண்டில் 90 நாள் வேலை செய்த சான்றோடு மாநிலக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாரியம் வழங்கிவரும் பாதுகாப்புப் பெட்டியில் ஹெல்மெட்டோடு பூட்ஸும் உண்டு. அங்கும் அளவு கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சட்டம் எட்டாத இடம்தான் நம்மை அதிகம் வாட்டுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் தொகுப்பின் வேலிக்கு வெளியே நிற்கின்றன. தாராவியின் சந்துகளில் இருப்பவற்றில் மிகப்பல அந்த ரகம். முதலாளியும் நம்மவர், தொழிலாளியும் நம்மவர், சில இடங்களில் ஒரே ஊர்க்காரர், மாமன் மச்சான். "அண்ணாச்சி, பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்க வாய் வராது. கேட்டால், "நானே செருப்புத்தானே போட்டிருக்கிறேன்" என்பார் அண்ணாச்சி. அவரும் பாவம், நாளை இந்த இடமே இருக்குமா என்ற கவலையில் இருப்பவர். ஆனாலும் சொல்கிறோம்: காய்ச்சிய அலுமினியம் ஒரு கரண்டி காலில் விழுந்தால் அந்தப் பையனின் குடும்பத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் எத்தனை ஜோடி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அண்ணாச்சி.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடப்பதை வீரம் என்று பேசுகிறவர்கள் சிலர் உண்டு. கொடுத்த பூட்ஸைப் பெட்டியோடு சோர் பஜாரில் விற்றுவிட்டு வருபவர்களும் உண்டு. அளவு பொருந்தாததை என்ன செய்வது என்பது அவர்கள் வாதம். பொருந்தாததைத் திருப்பிக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் மேலாளரின் வாய்க்கு நாமே அவல் போடுகிறோம். சர்க்கரை நோய் உள்ள மூத்த தோழர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் பூட்ஸ் கடிப்பது தெரியாது; தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். தினமும் இரவில் மனைவியோ பிள்ளையோ உள்ளங்காலைப் பார்க்கட்டும். பூட்ஸை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

சொந்தக் காசில் வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காகச் சில விவரம் சொல்லிவிடுகிறோம். வேலை முடிந்த மாலையில் கடைக்குப் போங்கள். கால் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் மெய்யான அளவு. வேலைக்குப் போடும் காலுறையைப் போட்டுக்கொண்டே மாட்டிப் பாருங்கள். இரண்டு காலுக்கும் மாட்டி, பத்தடியாவது நடக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பது அரிது. முன்னால் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸில் விரல்கள் தொப்பியைத் தொடக்கூடாது. சாதாரண ஷூ நாளாக நாளாக விரியும், இரும்பு விரியாது. "போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இரண்டாம் பாகப்படி செய்த பூட்ஸின் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல் நசுங்கக்கூடாது. மூன்றாம் பாகம் என்றால் தாங்குவது அதில் பாதி. நான்காம் பாகம் என்றால் தொப்பியே இல்லை. நின்று வேலை செய்பவருக்கு அது போதும், இரும்புச் சுமப்பவருக்குப் போதாது. ஆணி ஏறும் இடங்களில் அடித்தட்டில் ஆணி புகாத தகடு உள்ள வகைதான் வேண்டும்; தொப்பி மட்டும் வைத்தது உள்ளங்காலைக் காக்காது. பி.வி.சி. அடி மலிவு, ஆனால் கனம். பி.யூ. அடி இலேசு, நாளெல்லாம் நடப்பவருக்கு ஏற்றது. ஆனால் பல ஆண்டு கிடங்கில் கிடந்த பி.யூ. அடி ஒருநாள் பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். எனவே செய்த தேதியைப் பாருங்கள். வெல்டிங், உருக்கு வேலையில் கயிறு கட்டும் பூட்ஸ் ஆகாது. தீப்பொறி கயிற்றிடுக்கில் விழுந்தால் கழற்றுவதற்குள் கால் வெந்துவிடும். மின்சார வேலைக்கு அதற்கென்றே செய்த மின்காப்பு வகை உண்டு. நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைக்காதீர்கள். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் காய வையுங்கள்.

இவ்வளவும் ஒரு தொழிலாளி தெரிந்து வைத்துக்கொண்டு தன் பணத்தில் செய்ய வேண்டியதா? இல்லை. இதையெல்லாம் செய்யத்தான் கொள்முதல் அதிகாரியும் பாதுகாப்பு அதிகாரியும் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது: ஆர்டர் போடுமுன் ஒவ்வொருவர் காலையும் அளந்து எழுதுங்கள். அகலத்தையும் எழுதுங்கள். பெண்களுக்குத் தனியே அளவெடுங்கள். பொருந்தாததை 15 நாளுக்குள் மாற்றித் தாருங்கள். நிரந்தரம், ஒப்பந்தம் என்று காலில் பாகுபாடு வேண்டாம். தைத்துக் கொடுக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோலும் காலணியும் அனுப்புகின்றன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தக்கர் பாப்பா காலனியில் செருப்புத் தைக்கும் கைகள் இருக்கின்றன. தாராவியில் தோல் வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. அகலமான ஃபர்மாவும் தரமான தொப்பியும் முத்திரை பெற உதவியும் கொடுத்தால் இந்த நகரத்தின் பூட்ஸை இந்த நகரத்திலேயே தைக்கலாம்.

நிர்வாகங்கள் அளவெடுக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. இந்த மாதம் ஒவ்வொரு ஞாயிறும் மாலை 5 மணி முதல் நம் சங்க அலுவலகத்தில் கால் அளவு எடுக்கப்படும். வெள்ளைத்தாளில் இரண்டு பாதங்களையும் வரைந்து, நீளம், அகலம், வேலைத்தலம், செய்யும் வேலை, இதுவரை தரப்பட்ட எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைத்தலத்தின் தாள்களும் தனித்தனிக் கட்டாக மழைக்கு முன் அந்தந்த நிர்வாகத்துக்குப் போகும். ஒரு நகல் தொழில் துறை அதிகாரிக்கும் போகும். பெண்களுக்கு அளவெடுக்க மகளிர் அணியினர் இருப்பார்கள். வரும்போது பரணில் கிடக்கும் அந்தப் பூட்ஸையும் எடுத்து வாருங்கள். காலுக்கும் அதற்கும் எத்தனை வித்தியாசம் என்பதை அதே தாளில் எழுத வேண்டும்.